கடலூரில் அரசு அலுவலகத்துக்கு இடம் பார்ப்பதும் இடம் மாறுவதும்: முழுமையான வழிகாட்டி

கடலூர் மாவட்டத்தின் வரைபடத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தலைநகரம் வடகிழக்கு மூலையில் கடலை ஒட்டி இருக்கிறது. திட்டக்குடியும் வேப்பூரும் மேற்குக் கோடியில் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு கையெழுத்துக்காகக் கிளம்புகிறவர் விடிவதற்குள் பேருந்து ஏறி, விருத்தாசலத்தில் மாறி, திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் இறங்க வேண்டும். அப்புறம் ஷேர் ஆட்டோ. இத்தனையும் தாண்டி வந்து நின்றால் பூட்டிய கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "அலுவலகம் இடம் மாற்றப்பட்டுள்ளது." எங்கே என்று அதில் இல்லை.

நான் இளநிலை உதவியாளராக இருந்த காலத்தில் இப்படி ஒரு பெரியவர் எங்கள் பழைய கட்டட வாசலில் மதியம் வரை உட்கார்ந்திருந்தார். மறந்துவிட்ட ஒரு சாவியை எடுக்கப் போன எங்கள் அலுவலக உதவியாளர்தான் அவரைப் பார்த்து அழைத்து வந்தார். அன்று பட்ட வெட்கம் பணி ஓய்வு வரை என்னைவிட்டுப் போகவில்லை. பிறகு கண்காணிப்பாளராக இரண்டு தடவை அலுவலகத்தை இடம் மாற்றியிருக்கிறேன். ஒரு தடவை இருந்த இடத்திலேயே முழுக்கத் திருத்தி அமைத்திருக்கிறேன். அதில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். வருவாய், கல்வி, வேளாண்மை, ஊரக வளர்ச்சி என எந்தத் துறையானாலும் பெரும்பகுதி பொருந்தும். புதுச்சேரியில் வேலை பார்ப்பவர்களுக்கு இட அமைப்பு பற்றிய பகுதிகள் பொருந்தும். ஒப்புதல் வாங்கும் முறை பொருந்தாது. அது ஒன்றியப் பிரதேசம், ஒன்றிய அரசின் பொது நிதி விதிகளின்படி நடக்கிறது.

1. முதலில் எண்ணுங்கள்

இடம் போதவில்லை என்று எல்லா அலுவலகத்திலும் சொல்வார்கள். எதற்குப் போதவில்லை என்று கேட்டால் பதில் வராது. அதனால் ஒரு வாரம் எண்ண வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 5.45 வரை, மணிக்கு ஒரு தடவை மூன்று எண்களைக் குறியுங்கள். இருக்கையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள்?

மூன்றாவது எண்தான் முக்கியம். எங்கள் அலுவலகத்தில் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். அதே நேரத்தில் களப்பணியாளர்களின் ஒன்பது மேசைகளில் ஏழு காலியாக இருந்தன. அந்த ஒரு வாரக் கணக்கைப் பார்த்த பிறகு இன்னொரு ஹால் வேண்டும் என்று யாரும் பேசவில்லை.

பணியாளர் எண்ணிக்கையில் ஓர் எச்சரிக்கை. அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்ட பணியிடம் என்று இரண்டு கணக்கு இருக்கும். இன்று 38 பணியிடத்தில் 29 பேர் இருக்கிறார்கள் என்பதற்காக 29 நாற்காலிக்கு இடம் பார்த்தால், தேர்வாணையப் பட்டியலிலிருந்து ஒரே மாதத்தில் ஆறு பேர் நியமன ஆணையோடு வந்து நிற்கும்போது அவர்களைப் பதிவறைக்குள் உட்கார வைக்க நேரும். முதல் வேலையின் முதல் நாளில் ஒரு பிள்ளையை அப்படி உட்கார வைக்கக் கூடாது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கே திட்டமிடுங்கள்.

2. பதிவறையைச் சுத்தம் செய்யாமல் இடம் தேடாதீர்கள்

இந்தப் பகுதி நீளமாக இருக்கும். எனக்குத் தெரிந்து அரசு அலுவலகங்களின் இட நெருக்கடியில் பாதி பதிவறையில் இருக்கிறது. அழிக்க வேண்டிய காலம் கடந்த கோப்புகளுக்கும் சேர்த்து நாம் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முடிவு செய்த கோப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதற்கான வகைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஓ.மு. ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். கோப்பை முடிக்கும்போதே இந்த வகையைச் சரியாகப் போட்டிருந்தால் கழிப்பது எளிது. நடைமுறையில் பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் பத்தாண்டு போட்டுவிடுகிறோம். ஒரு விடுப்பு விண்ணப்பத்தின் நினைவூட்டல் கடிதமும் பத்தாண்டு இருக்கும். அதனால் பழைய கட்டுகளை ஆண்டுவாரியாக இறக்கி, வகைவாரியாகப் பிரித்து, காலம் கடந்தவற்றுக்குப் பட்டியல் போட்டு, அலுவலரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலோடு கழிக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு ஒரு நாள் என்று வைத்தால் ஒரு மாதத்தில் முடியும். பதிவறை எழுத்தர் ஒருவர் தலையில் கட்டினால் ஒருநாளும் முடியாது. அந்தந்த இருக்கையின் உதவியாளர் உடன் நிற்க வேண்டும்.

காலம் கடந்தாலும் தொடக் கூடாதவை சில உண்டு. நீதிமன்ற வழக்கு நிலுவையில் இருப்பவை, தணிக்கைத் தடை தீராதவை, தகவல் உரிமைச் சட்ட மேல்முறையீட்டில் இருப்பவை, ஒழுங்கு நடவடிக்கை முடியாதவை. இவற்றுக்கு ஒரு தனி அலமாரி வையுங்கள். பணிப்பதிவேடுகள் எந்தக் காரணத்துக்காகவும் கழிவுக் குவியலின் பக்கம் வரவே கூடாது. இன்னொன்று: கடலூர் பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகரம். 1993-இல் விழுப்புரம் பிரிந்து போவதற்கு முன்பு அந்தப் பக்கத்துத் தாள்களும் இங்கே சேர்ந்தன. கைப்பட எழுதிய பழைய பதிவேடு, துணியில் ஒட்டிய நில வரைபடம் மாதிரி ஏதாவது கையில் கிடைத்தால் அதை எடைக்குப் போடாமல், எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கழித்த தாளை என்ன செய்வது? கிழித்துக் கூழாக்கக் கொடுக்க வேண்டும். பல வருடம் முன்பு ஒரு மாலை, தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சுண்டல் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு மாணவியின் சாதிச் சான்று விண்ணப்பம். பெயர், அப்பா பெயர், தெரு, கதவு எண் எல்லாம் இருந்தன. எந்த அலுவலகத்துத் தாள் என்பதும் மேலே தெளிவாக இருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், சுண்டல் இறங்கவில்லை. ஒருவர் நம்மை நம்பிக் கொடுத்த தாள் அது. முழுத் தாளாகப் பழைய பேப்பர் கடைக்கு எதையும் அனுப்பாதீர்கள்.

இனி எடை. கோப்புக் கட்டுகள் நெருக்கமாக அடுக்கிய ஒரு மீட்டர் தட்டு ஏறக்குறைய 50 கிலோ இருக்கும். மூன்றடி அகலமும் ஆறு தட்டும் உள்ள இரும்பு அலமாரியில் ஏறத்தாழ 270 கிலோ ஏறும். ஒன்றரை அடி ஆழம் என்று வைத்தால் அது நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 600 கிலோவைத் தாண்டுகிறது. நடைபாதையையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும் 300 கிலோ வரும். சாதாரண அலுவலகத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 250 கிலோ அளவுக்குத்தான் வடிவமைக்கிறார்கள். கோப்பு சேமிக்கும் அறைக்கு அதைப் போல இரண்டு மடங்கு, 500 கிலோ. வாடகைக்குக் கிடைக்கும் மாடிகள் பெரும்பாலும் வீடாகவோ கடையாகவோ கட்டியவை. அதன் நடுத்தளத்தில் இருபது அலமாரிகளை வரிசையாக நிறுத்துவது ஆபத்து.

அப்படியானால் பதிவறையைத் தரைத்தளத்தில் வைத்துவிடலாமா? எடைக்கு அதுதான் சரி. ஆனால் நம் ஊரில் தண்ணீர் இருக்கிறதே. 2015 நவம்பரில் வெள்ளம் வந்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டது. கெடிலமும் ஊருக்குள்தான் ஓடுகிறது. 2015-இல் எங்கள் பதிவறையின் அடித்தட்டு ஒன்றரை நாள் தண்ணீரில் இருந்தது. தாள்களை மொட்டை மாடியில் செங்கல் வைத்துக் காயப்போட்டோம். பேனா மையில் எழுதியவை எல்லாம் நீலக் கறையாகக் கிடந்தன. பந்துமுனைப் பேனாவில் எழுதியவை பிழைத்தன.

என் முடிவு இது: தரைத்தளம்தான், ஆனால் அடிமட்டம், அதாவது தெருவிலிருந்து தளத்தின் உயரம், அதிகமுள்ள கட்டடம். அலமாரியின் கடைசித் தட்டு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்க வேண்டும். நி.மு. கோப்புகள் மேல்தட்டில், ஓ.மு. கோப்புகள் கீழ்த்தட்டில். பிரிவுகளில் தேடும் வசதிக்காக இதை மாற்றி அடுக்கச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். மாடிதான் கிடைக்கிறது என்றால், பொதுப்பணித்துறைப் பொறியாளர் வந்து பார்த்து எந்தச் சுவரோரம், எந்த உத்திரத்தின் மேல் அலமாரி நிற்கலாம் என்று எழுதிக் கொடுக்கட்டும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு சாண் விடுங்கள். கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். கடற்காற்றில் இரும்பு அலமாரியின் கால் நாலைந்து வருடத்தில் பொரிந்துவிடும், வருடம் ஒரு தடவை பெயின்ட் அடிக்க வேண்டும்.

3. இடம் தேடுதல்

முதலில் அரசுக் கட்டடம். பொதுப்பணித்துறைச் செயற்பொறியாளருக்கும் மாவட்ட ஆட்சியரின் நேர்முக உதவியாளருக்கும் ஒரே நாளில் கடிதம் எழுதுங்கள்: இத்தனை பணியாளர், இவ்வளவு பரப்பு, இன்ன வசதி தேவை. ஏதாவது துறை புதுக் கட்டடத்துக்குப் போகும்போது பழைய இடம் காலியாகும். மஞ்சக்குப்பம் பகுதியில் பழைய கட்டடங்கள் நிறைய. தடித்த சுவர், உயரமான கூரை, பெரிய ஜன்னல். கொஞ்சம் பழுது பார்த்தால் கோடையில் அவற்றைவிடச் சுகமான இடம் கிடைக்காது. ஆனால் ஏ.சி.க்காகவும் மின்கம்பிக்காகவும் சுண்ணாம்புச் சுவரைக் கண்டபடி உடைக்கக் கூடாது.

அரசுக் கட்டடம் இல்லை என்று எழுத்தில் வந்த பிறகுதான் தனியார் கட்டடம். அதற்குப் பொதுப்பணித்துறையிடம் வாடகை நியாயச் சான்று வாங்க வேண்டும். அவர்கள் கட்டடத்தை அளந்து, பரப்பும் வயதும் தரமும் பார்த்து, கேட்கும் வாடகை நியாயமா என்று சொல்வார்கள். இடத்தைக் காட்டிய அன்றே உரிமையாளரிடம் வாடகையை ஒப்புக்கொண்டுவிட்டுச் சான்றுக்குப் போகாதீர்கள். சான்றில் குறைவாக வந்தால் வாக்குக் கொடுத்த சங்கடம் உங்களுக்குத்தான். வாடகையைப் பொறுத்துத் துறைத் தலைவரோ அரசோ ஒப்புதல் தர வேண்டும். அந்த ஆணை கையில் வரும்வரை ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தாதீர்கள்.

பட்டா, சொத்துவரி ரசீது, வில்லங்கச் சான்று மூன்றையும் பாருங்கள். பாகப்பிரிவினை வழக்கு இருக்கும் வீட்டில் அலுவலகம் வைத்தால் வாடகையை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியே ஒரு தனிக் கோப்பாகிவிடும். ஒப்பந்தத்தில் வெள்ளையடிப்பது யார், மோட்டார் பழுதானால் யார், வாடகை எப்போது உயரும், காலி செய்ய எத்தனை மாத அறிவிப்பு என்ற நாலையும் எழுதியே ஆக வேண்டும்.

கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது உரிமையாளரோடு மட்டும் போகாதீர்கள். எதிரே இருக்கும் டீக்கடையில் நின்று ஒரு டீ குடியுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன்.

"அண்ணே, இந்தத் தெருவில் தண்ணி நிக்குமா?"

"எந்த வருசத்தச் சொல்றீங்க சார்? பதினஞ்சுல முட்டி வரைக்கும். போன தடவை என் கடைக்குள்ளயே வந்துடுச்சு. நீங்க பாக்குற வீட்டுக்கு மூணு படி ஏறணும், அங்க வரல."

சான்றிதழில் இல்லாத தகவல் இது. ஆனால் அந்த மூன்று படி இன்னொரு கேள்வியைக் கொண்டுவரும். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை அமைக்கும்போது ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால் பதினெட்டு அடி நீளம், அப்புறம் திரும்புவதற்குச் சமதளம். தெருவை ஒட்டிய வீட்டில் இதற்கு இடமே இருக்காது. செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவைப் போட்டுவிட்டுச் சரிவுப் பாதை இருக்கிறது என்று அறிக்கை அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவரை ஏற்றிப் பார்த்தால் தெரியும், பின்னால் உருளும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு அலுவலகத்துக்குள் எல்லோரும் வந்து போக முடிய வேண்டும் என்கிறது. உயரமான அடிமட்டமும் வேண்டும், நீளமான முற்றமும் வேண்டும். இரண்டும் உள்ள கட்டடம் பேருந்து நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதையே எடுங்கள்.

பரப்பு எவ்வளவு என்பதற்கு ஓர் ஆரம்பக் கணக்கு. தீ விபத்தின்போது வெளியேறும் வழிகளைக் கணக்கிட, தேசியக் கட்டட விதித்தொகுப்பு அலுவலகங்களில் ஒருவருக்கு 10 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. அதை வைத்து 38 பேருக்கு 380 சதுர மீட்டர், ஏறத்தாழ 4,100 சதுர அடி. பதிவறையைத் தனியாகக் கூட்டுங்கள். முதல் படியில் எடுத்த கணக்கில் களப்பணியாளர் அதிகம் என்றால் கொஞ்சம் குறைக்கலாம். காத்திருப்போர் இடத்திலிருந்து மட்டும் குறைக்காதீர்கள்.

4. யார் எங்கே உட்காருவது

வரைபடத்தை வாசலிலிருந்து வரையத் தொடங்குங்கள். பொதுவாக அலுவலர் அறையை முதலில் குறித்துவிட்டு மிச்சத்தை மற்றவர்களுக்குப் பங்கு போடுகிறோம். அதனால்தான் மனுதாரர் மாடிப்படியில் உட்காருகிறார்.

வாசலை ஒட்டி நிழலும் மின்விசிறியும் உள்ள காத்திருப்பு இடம், முதுகு சாய்க்கும் பெஞ்சுகள், குடிநீர். மேற்கே இருந்து வருகிறவர் மூன்று மணி நேரம் பேருந்தில் வந்திருப்பார். பொதுமக்களுக்குக் கழிப்பறை கட்டாயம், பெண்களுக்குத் தனியாக. பணியாளர் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மேசையில் வைப்பது வேண்டாம். அதற்கு அடுத்து தபால் பெறும் இடம். மனு கொடுத்தவர் ரசீது வாங்கிக்கொண்டு அப்படியே வெளியே போகும்படி இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின்படி பொதுத் தகவல் அலுவலரின் பெயரும் பதவியும் எழுதிய பலகை இங்கேதான் மாட்டப்பட வேண்டும், உள்ளே கண்காணிப்பாளரின் தலைக்கு மேலே அன்று.

அதிகம் பேர் தேடி வரும் இருக்கைகள் முன்னால், கணக்கும் பணியமைப்பும் பின்னால். கண்காணிப்பாளர் தன் பிரிவையும் காத்திருப்போரையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி உட்கார வேண்டும். அலுவலர் அறை கடைசியில் இருக்கலாம்; ஆனால் கால் முடியாதவர் மனுவோடு வந்தால் அலுவலர் எழுந்து வந்து வாங்குவதற்கு முன்பக்கம் ஒரு சின்ன மேசை வைக்கச் சொன்னேன். எங்கள் அலுவலர் அதை உண்மையாகவே பயன்படுத்தினார்.

பெண் பணியாளர்களுக்கு ஓர் ஓய்வறை, பாலூட்டும் தாய்க்கு உள்தாழ்ப்பாள் உள்ள ஒரு மறைவிடம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். அந்தக் குழு கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை வேண்டுமே! அதை யாரும் வரைபடத்தில் குறிப்பதில்லை.

மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். கிழக்கு ஜன்னலை அலமாரியால் அடைக்காதீர்கள். கணினியை மட்டும் அந்த ஜன்னலருகே வைக்காதீர்கள், உப்புக் காற்றில் சீக்கிரம் போய்விடும். மேற்கு வெயிலில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம், அந்தப் பக்கம் அலமாரி போகட்டும்.

இருக்கைப் பங்கீட்டில் மனக்கசப்பு வரும். ஜன்னலோரம் யாருக்கு, மின்விசிறிக்கு நேர்கீழே யாருக்கு என்பது வெளியாளுக்குச் சின்ன விஷயம். முப்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்காருகிறவருக்குச் சின்ன விஷயமில்லை. வரைபடத்தை ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆட்சேபனையை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் தட்டச்சர் அம்மா ஒருவர் என்னிடம் வந்து, "சார், எனக்கு எந்த இடமானாலும் சரி, முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது" என்றார். ரகசியக் கடிதங்கள் தட்டச்சு செய்கிறவர் அவர். எனக்குத் தோன்றாத விஷயம்.

5. அலுவலகத்துக்கு வெளியே வேலை செய்பவர்கள்

நில அளவர், வருவாய் ஆய்வாளர், வேளாண் உதவி அலுவலர் போன்றவர்களின் வேலை ஊர்களில்தான். அவர்களுக்கு ஆளுக்கொரு மேசை தேவையில்லை. மூன்று பேருக்கு ஒரு மேசை, ஆனால் ஆளுக்கொரு பூட்டுள்ள இழுப்பறை. இதை அவர்களிடம் பேசி முடிவு செய்யுங்கள்; இழுப்பறை இல்லாமல் மேசையை மட்டும் பறித்தால் கோப்புகள் வண்டியின் பக்கப்பெட்டியில் பயணம் செய்யும். யார் எந்த ஊரில் இருக்கிறார் என்பது மூவ்மென்ட் ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தால் போதாது. வாசலில் ஒரு கரும்பலகையில் காலையிலேயே எழுதிவிட்டால், அவரைத் தேடி வந்தவர் மாலை வரை காத்திருக்க மாட்டார்.

2020 மே மாதம் ஊரடங்கின் நடுவே, பாதிப் பணியாளர்களோடு சுழற்சி முறையில், சனிக்கிழமையும் சேர்த்து அலுவலகங்கள் நடந்தன. இ-ஆபீஸில், அதாவது கணினிவழிக் கோப்பு முறையில், இருந்த கோப்புகள் நகர்ந்தன, தாளில் இருந்தவை அப்படியே கிடந்தன. அதனால் இடம் மாறுவதற்கு முன்பு நடப்புக் கோப்புகளை முடிந்தவரை இ-ஆபீஸுக்கு ஏற்றுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் எந்தப் பள்ளிக் கட்டடத்திலோ வட்டார அலுவலகத்திலோ மாற்று இடம் என்பதையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது நிவாரணக் கணக்கை நாங்கள் ஒரு மாமரத்தடியில் மேசை போட்டு எழுதினோம். அந்த மரமும் பாதி முறிந்துதான் இருந்தது.

6. தேதி குறித்தல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடவே கூடாது, மழைக்காலம். மார்ச் நிதியாண்டு முடிவு, பட்டியல்கள் குவியும். வருவாய்த் துறையில் மே, ஜூன் மாதங்கள் ஜமாபந்தி என்ற வருடாந்திரக் கணக்குத் தணிக்கைக்குப் போய்விடும். வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது. மிஞ்சுவதில் வசதியானவை பிப்ரவரி, ஜூலை, ஆகஸ்ட். எனக்குப் பிப்ரவரி பிடிக்கும். தை அறுவடை முடிந்து சுமைதூக்கும் ஆட்களும் கிடைப்பார்கள், வானமும் தெளிவாக இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு இரவுக்குள் முடிக்க வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்தவர்கள் அப்படியே நம்மிடமும் வருவார்கள்.

7. நகர்த்தும் மூன்று நாட்கள்

பத்து நாள் முன்பே ஒவ்வொரு கட்டுக்கும் அட்டை கட்டுங்கள்: பிரிவு, இருக்கை எண், கட்டு எண், புதிய இடத்தில் அலமாரி எண். நான்கும் இருந்தால்தான் பயன். கடைசி எண்ணை விட்டுவிட்டு, புதிய கட்டடத்தின் கூடத்தில் 1,400 கட்டுகளைக் குவித்து மூன்று மாதம் தேடிய அனுபவம் எனக்கு உண்டு, முதல் மாற்றத்தின்போது.

இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தளவாடத்தையும் சரிபாருங்கள். உடைந்த நாற்காலியைப் புதிய இடத்துக்கு ஏற்றாதீர்கள். கழிவு செய்ய வேண்டியவற்றின் பட்டியலை இப்போதே போட்டு ஏலத்துக்கு அனுமதி கேளுங்கள். பழைய கணினி, பிரிண்டர், யு.பி.எஸ். பேட்டரி இவை ஏலத்தில் பழைய இரும்போடு சேரக் கூடாது. மின்கழிவு, பேட்டரிக் கழிவு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும், வன்தட்டை அழித்த பிறகு.

வண்டிக்கு லாரியைவிடக் குட்டி யானை நல்லது. தெருக்களில் நுழையும், ஒரு நடைக்கு ஒரு பிரிவு என்று அனுப்பலாம். ஒவ்வொரு நடைக்கும் ஏற்றும் இடத்தில் ஒருவர், இறக்கும் இடத்தில் ஒருவர், கையில் ஒரே பட்டியலின் இரண்டு படிகள். மாதம் எதுவானாலும் தார்ப்பாய் வேண்டும். பணப்பெட்டி, காசோலைப் புத்தகம், அலுவலக முத்திரைகள், பணிப்பதிவேடுகள், முத்திரையிட்ட உறைகள் ஆகியவை அலுவலரின் ஜீப்பில், அவர் பார்வையில் போக வேண்டும். முதலில் பதிவறை நகரட்டும், கடைசியில் தபால் இருக்கை. சுமை தூக்கியவர்களுக்கு மதியச் சாப்பாட்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மின் இணைப்பு, இணையம், யு.பி.எஸ். மூன்றும் ஒரு வாரம் முன்பே ஓடியிருக்க வேண்டும். சம்பளப் பட்டியல் போடும் வாரத்தில் இணையம் இல்லாமல் போனால் எல்லார் வீட்டிலும் தெரியும்.

8. எல்லோருக்கும் சொல்லுதல்

மாவட்டக் கருவூலம், வங்கி, அஞ்சல் அலுவலகம், மின்வாரியம், தொலைபேசி, வருமான வரிப் பிடித்தக் கணக்கின் முகவரி, மேலதிகாரி, சார்நிலை அலுவலகங்கள், நம் வழக்குகளை நடத்தும் அரசு வழக்கறிஞர். நீதிமன்ற நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போனால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரை போகும். ரப்பர் முத்திரையில் முகவரி இருந்தால் புதிது செய்யுங்கள். கூகுள் வரைபடத்தில் இடத்தை மாற்றுங்கள், இன்றைக்கு ஆட்டோக்காரரும் அதைத்தான் பார்க்கிறார். பேருந்து நிலைய ஷேர் ஆட்டோ நிறுத்தத்திலும் ஒரு தடவை நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர்கள், ஊராட்சிச் செயலர்கள் வழியாக ஊர்களுக்குச் சொல்லுங்கள். வேப்பூர்ப் பக்கத்து ஊருக்குச் செய்தி போய்ச் சேர அதுவே குறுக்கு வழி.

9. பழைய கட்டடத்தை விடுதல்

மின் மீட்டரின் கடைசி அளவைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். சுவரில் நாம் அடித்த ஆணி, நாம் போட்ட தடுப்பு எல்லாம் கணக்கில் வரும். சாவியை உரிமையாளரிடம் கொடுக்கும்போது தேதியும் நேரமும் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். வாடகை அன்றோடு நிற்கிறது.

கதவில் ஒட்டும் அறிவிப்பைத் தாளில் வேண்டாம், தகரப் பலகையில் எழுதுங்கள். புதிய முகவரி, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளியோ, எந்தப் பேருந்து, தொலைபேசி எண், ஒரு கோட்டு வரைபடம். பலகையைக் குறைந்தது ஆறு மாதம் விட்டுவைக்கச் சொல்லி உரிமையாளரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வருவார். அதனால் முதல் ஒரு மாதம், ஒவ்வொரு வேலை நாளும், நம் அலுவலக உதவியாளர் ஒருவர் சுழற்சியில் அந்தப் பழைய வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும். எங்கள் இரண்டாவது மாற்றத்தில் அப்படி உட்கார வைத்தோம். அவர் கையில் ஒரு நோட்டும், ஆட்டோ கட்டணத்துக்குச் சில்லறையும் கொடுத்திருந்தோம். மாத முடிவில் நோட்டில் 212 பேர் இருந்தார்கள், ஒவ்வொருவரின் ஊரும் எழுதியிருந்தது. பாதிக்கு மேல் மேற்குப் பக்கத்து ஊர்கள்.